பட்டம் வாங்கும் முன்பே ஏன் இன்டர்ன்ஷிப்? வகுப்புக்குத் திரும்பி வந்து கேட்கும் கேள்விகள்

கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர், வரைபடத்தை விரித்துப் பிடித்தபடி, உத்திரமும் தூணும் கூடும் இடத்தில் குனிந்து கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது. கம்பியின் விட்டமும் சரி, வளையங்களின் இடைவெளியும் சரி. குறிப்பேட்டில் ‘சரி’ என்று எழுதப்போன நேரத்தில், அருகில் நின்ற மேஸ்திரி தன் விரலைக் கம்பிகளுக்கு நடுவே விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. “தம்பி, இந்த இடுக்கில் ஜல்லி எப்படி இறங்கும்?” என்று கேட்டார்.

மாணவரிடம் பதில் இல்லை. நான்கு பக்கமிருந்தும் வரும் உத்திரக் கம்பிகள், கீழிருந்து ஏறும் தூண் கம்பிகள், அவற்றைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்கள் என ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட்டால் பிழை எதுவும் இல்லை. எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேரும்போதுதான் கான்கிரீட்டுக்கு வழியில்லாமல் போகிறது. கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசியைக்கூட இறக்க முடியாது. அப்படியே போட்டுவிட்டால் உள்ளே பொந்து விழும். மேலே பூசிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. அன்று வடிவமைப்பாளரை வரவழைத்து, கம்பிகளை மாற்றி அடுக்கிய பிறகே கான்கிரீட் போட்டார்கள். அந்தத் தளத்தில் பயிற்சி மாணவர்களுக்கு நான்தான் பொறுப்பாக இருந்தேன். அதனால் இதை அருகில் நின்று பார்க்க முடிந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. விடுமுறை முடிந்து அந்த மாணவர் கல்லூரிக்குத் திரும்பினார். அடுத்த பருவத்தில் கான்கிரீட் வடிவமைப்புப் பாடம். பேராசிரியர் உத்திரத்தைக் கணக்கிட்டுக் காட்டி முடித்ததும் இவர் எழுந்து, “ஐயா, இதே இடத்துக்குத் தூணின் கம்பிகளும் வருமே, அவற்றுக்கு இடம் இருக்கிறதா என்று எந்தக் கட்டத்தில் பார்ப்பது?” என்று கேட்டிருக்கிறார். பேராசிரியர் பலகையை அழித்துவிட்டு, உத்திரமும் தூணும் கூடும் அந்த இடத்தை அளவு குறைக்காமல், கம்பியின் உண்மையான தடிமனிலேயே சாக்பீஸால் வரைந்து காட்டினாராம். முழு வகுப்பும் எழுந்து நின்று பார்த்ததாம். சில மாதங்கள் கழித்து என்னைப் பார்க்க வந்தபோது, வேலை கிடைத்ததைச் சொல்வது போன்ற மகிழ்ச்சியோடு அந்த மாணவர் இதைச் சொன்னார்.

இன்டர்ன்ஷிப் பற்றிப் பேசும்போது வேலைவாய்ப்பு, தொடர்புகள், சுயவிவரக் குறிப்பில் சேரும் ஒரு வரி என்றுதான் பெரும்பாலும் பேசுகிறோம். அவையெல்லாம் உண்மைதான், பிறகு அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் பட்டம் வாங்கிய பிறகு செய்யும் பயிற்சியில் கிடைக்காமல், அதற்கு முன் செய்வதில் மட்டும் கிடைப்பது ஒன்று உண்டு. திரும்பிப் போக ஒரு வகுப்பறை மிச்சம் இருக்கிறது. வெளியே முளைத்த கேள்வியை எடுத்துக்கொண்டு போனால் அதற்குப் பதில் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள், நூலகம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. வேலையில் சேர்ந்தவருக்கு அதே கேள்வி வந்தால், பெரும்பாலும் அன்றைய அவசரத்துக்கு ஒரு தீர்வைக் கண்டுபிடித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அடிப்படையைத் தேடிப் பின்னோக்கிப் போக அவருக்கு அவகாசம் கொடுப்பவர்கள் குறைவு.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்ற பழமொழியை இந்தப் பேச்சில் யாராவது எடுத்துவிடுவார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். படிப்பு வீண், வேலைதான் கற்றுத்தரும் என்று சொல்வதற்கு அந்தப் பழமொழியைப் பயன்படுத்துவது நியாயமில்லை. அந்த மேஸ்திரிக்கு ஜல்லி இறங்காது என்பது தெரியும்; எந்தக் கம்பியை எவ்வளவு நகர்த்தினால் கட்டடத்துக்கு ஆபத்தில்லை என்பதைச் சொல்ல ஏடு படித்தவர்தான் வர வேண்டியிருந்தது. இரண்டும் தேவை. இரண்டுக்கும் இடையே யாராவது நடந்து பழக வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நடையை முதன்முதலில் திட்டமிட்டு ஒரு பாடத்திட்டமாகவே ஆக்கியவர் ஹெர்மன் ஷ்னைடர். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆசிரியராக இருந்தவர். படிக்கும்போதே எங்காவது வேலை செய்த மாணவர்கள், பட்டம் வாங்கிய பிறகு மற்றவர்களைவிட நன்றாகத் தேறுவதை அவர் கவனித்திருந்தார். 1906ஆம் ஆண்டு 27 மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனையைத் தொடங்கினார். மாணவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்தார். ஓர் அணி ஒரு வாரம் வகுப்பில் இருக்கும், மற்ற அணி தொழிற்சாலையில் இருக்கும். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்ளும். கல்லூரியில் இருக்கையும் காலியாக இருக்காது, தொழிற்சாலையில் வேலையும் நிற்காது.

வாரா வாரம் மாற்றுவது நிர்வாகத்துக்குப் பெரிய தலைவலியாக இருந்திருக்கும். பிற்காலத்தில் இந்த முறையைப் பின்பற்றிய பல்கலைக்கழகங்கள் வாரக் கணக்கை விட்டு மாதக் கணக்குக்கு வந்துவிட்டன. ஆனாலும் ஷ்னைடரின் எண்ணத்தை நான் வியக்கிறேன். நான்காண்டு படித்து முடித்து, பிறகு பார் என்று அவர் சொல்லவில்லை. திங்கட்கிழமை கேட்ட பாடம் அடுத்த திங்கட்கிழமை கையில் பட வேண்டும்; கையில் பட்ட சந்தேகம் அதற்கடுத்த வாரம் வகுப்பில் எழ வேண்டும். போவதும் வருவதும் சேர்ந்ததே அவருடைய முறை. 1909இல் பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் கல்வி நிறுவனம் இதை எடுத்துக்கொண்டது. ஆண்டியாக் கல்லூரி 1921இல் இதைப் பொறியியலுக்கு வெளியே, கலைப் படிப்புகளுக்கும் கொண்டுபோனது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கப்பட்டபோதே, படிப்புக் காலமும் வேலைக் காலமும் மாறி மாறி வரும்படி தன் பொறியியல் படிப்பை அமைத்துக்கொண்டது.

மருத்துவத் துறை இதில் எல்லோருக்கும் மூத்தது. இன்டர்ன் என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். பாரிஸ் மருத்துவமனைகளில் தேர்வு எழுதித் தேர்ந்த மாணவர்களை உள்ளேயே தங்க வைத்துப் பழக்கும் முறை 1802இல் ஏற்பட்டது. உள்ளே இருப்பவர் என்பதுதான் அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். தமிழில் நாம் சொல்லும் ‘உள்ளகப் பயிற்சி’ அதன் பொருளை அப்படியே பிடித்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் வில்லியம் ஆஸ்லர், பட்டம் பெறாத மாணவர்களையே நோயாளியின் படுக்கையருகே கூட்டிவந்து, பேசவும் தொட்டுப் பார்க்கவும் குறிப்பெழுதவும் வைத்தார். மருத்துவ மாணவர்களுக்கு வார்டில் பாடம் நடத்தியவர் என்று தன் கல்லறையில் எழுதினால் போதும் என்று சொன்ன மனிதர் அவர். நோயாளியைப் பார்க்காமல் ஒருவர் மருத்துவராகலாம் என்று இன்று யாரும் வாதிட மாட்டார்கள். வாடிக்கையாளரைப் பார்க்காமல் வணிகவியல் பட்டமும், வாசகரைப் பார்க்காமல் இதழியல் பட்டமும் வாங்க முடிகிறது என்பது மட்டும் ஏன் நம்மை உறுத்துவதில்லை?

சரி, உள்ளே போன மாணவர்களுக்கு என்ன வேலை கொடுக்கிறார்கள்? இதுதான் அதிகம் புகார் வரும் இடம். “நகல் எடுக்கச் சொல்கிறார்கள், கோப்பு அடுக்கச் சொல்கிறார்கள், கூட்டத்தில் ஒரு மூலையில் உட்கார வைக்கிறார்கள்” என்று சொல்லாத மாணவர் குறைவு. இந்தப் புகாரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு லைபீரியாவின் தையற்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

மானிடவியலாளர் ஜீன் லேவ் 1970களில் அங்கே தையல் பழகுபவர்களை உடனிருந்து கவனித்தார். ஒரு சட்டை உருவாகும் வரிசை நமக்குத் தெரியும்: முதலில் துணியை வெட்டுவது, பிறகு தைப்பது, கடைசியில் பித்தான் வைப்பது, ஓரம் மடிப்பது. பழகுபவர் இந்த வரிசையைத் தலைகீழாகக் கற்கிறார். முதலில் அவருக்குக் கிடைப்பது பித்தானும் ஓர மடிப்பும். முடிந்த உடையைத் திருப்பித் திருப்பிக் கையில் வைத்திருப்பதால், ஓர் உடை எப்படிக் கூடி வருகிறது என்பது அவர் கண்ணில் பதிகிறது. அடுத்து தையல், எந்தத் துண்டு எதோடு சேர வேண்டும் என்பது அப்போது விளங்குகிறது. அது விளங்கிய பிறகு, துணியை ஏன் அந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்பது தானாகவே விளங்குகிறது. வெட்டுவது கடைசி. பித்தானைத் தப்பாக வைத்தால் பிரித்துவிட்டு மறுபடி வைக்கலாம். துணியைத் தப்பாக வெட்டினால் போனது போனதுதான். லேவும் எட்டியென் வெங்கரும் சேர்ந்து 1991இல் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்கள்: ஒரு தொழிலைக் கற்பது என்பது அந்தத் தொழில் செய்வோரின் கூட்டத்துக்குள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகர்வது. ஓரத்தில் இருப்பதும் முறையான இடம்தான்.

ஆகவே, சிறிய வேலை கொடுத்தார்கள் என்பதாலேயே ஓர் இன்டர்ன்ஷிப் வீணாகிவிடாது. பித்தான் வைக்கும்போது முழுச் சட்டையும் கையில் இருந்ததா என்பதுதான் பார்க்க வேண்டியது. கோப்பு அடுக்கச் சொன்னால், அந்தக் கோப்பைத் திறந்து படிக்க அனுமதி உண்டா? கூட்டத்தின் மூலையில் உட்கார வைத்தால், கூட்டம் முடிந்த பிறகு அங்கே நடந்ததைப் பற்றிக் கேட்க ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் அந்த மூலை நல்ல இடம். பித்தான்களை மட்டும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்து, நிறம் பிரித்து வை என்று மூன்று மாதம் உட்கார வைத்தால் அதற்குப் பயிற்சி என்று பெயர் சொல்லக் கூடாது. இந்த வேறுபாட்டை முதல் வாரத்திலேயே கண்டுகொள்ள முடியும். கண்டுகொண்டால் பொறுப்பாளரிடம் பணிவாக, தெளிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான பொறுப்பாளர்கள் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்வதில்லை. மாணவருக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்க நேரம் ஒதுக்காமல் விட்டவர்கள் அவர்கள். நானே அப்படி விட்டதுண்டு. ஒரு மாணவி வந்து, “நான் தயாரிக்கும் இந்தப் பட்டியலை யார் பயன்படுத்துகிறார்கள்? அவரோடு ஒரு மணி நேரம் உட்காரலாமா?” என்று கேட்டபோதுதான் உறைத்தது.

அந்த மாணவி புள்ளியியல் படித்தவர். அவரிடம் ஒரு பெரிய அட்டவணையைக் கொடுத்திருந்தோம். பல கிளைகளிலிருந்து வந்த பொருள் வரவு விவரம். இரண்டாம் நாளே அவர் முகம் வாடியிருந்தது. மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி வந்து சொன்னார்: சில கிளைகள் தேதியை நாள், மாதம் என்ற வரிசையிலும், சில கிளைகள் மாதம், நாள் என்ற வரிசையிலும் எழுதியிருக்கின்றன. 3/4 என்றால் ஏப்ரல் 3ஆம் தேதியா, மார்ச் 4ஆம் தேதியா? கல்லூரியில் அவருக்குக் கொடுத்த தரவெல்லாம் யாரோ துடைத்து வைத்தது. அழுக்குத் தரவு என்ற ஒன்று இருப்பது அவருக்குப் பெயரளவில்தான் தெரிந்திருந்தது. அதைவிட, இதைக் கேட்பது தன் அறியாமையைக் காட்டிவிடுமோ என்ற அச்சத்தில் இரண்டு நாட்களைத் தனியாகக் கழித்திருக்கிறார். விடை மிக எளிது. ஒவ்வொரு கிளைக்கும் பேசி, யார் எந்த வரிசையில் எழுதுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பிற்பகலில் முடிந்தது.

புத்தகத்திலிருந்து வராத பாடம் என்று நான் நினைப்பது இதைத்தான். எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது, கேட்பதற்கு முன் தானே எவ்வளவு தேடிப் பார்ப்பது என்ற அளவு. தேர்வு அறையில் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது குற்றம். பணியிடத்தில் கேட்காமல் இருப்பதுதான் குற்றம். பதினைந்து ஆண்டுகள் தேர்வு எழுதிய ஒரு பிள்ளை இந்தத் திருப்பத்தை ஒரே நாளில் எடுத்துவிடாது. அதற்குத் தடுமாறும் காலம் ஒன்று வேண்டும். அந்தத் தடுமாற்றத்தை ‘மாணவர்தானே’ என்று உலகம் மன்னிக்கும் காலத்திலேயே கடந்துவிடுவது நல்லது.

இன்னொரு பயனைப் பலரும் பயனாகவே எண்ணுவதில்லை. ‘இது எனக்கு வேண்டாம்’ என்று தெரிந்துகொள்வது. பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்தத் தொழிலில் இருப்பவரின் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பவர்கள் மிகக் குறைவு. வழக்கறிஞர் என்றால் வாதாடுவது என்று நினைக்கிறோம். அவர் நாளில் பெரும்பகுதி ஆவணங்களைப் படிப்பதில் போகிறது. மென்பொருள் எழுதுபவர் புதிதாக எழுதுவதைவிட, முன்பு யாரோ எழுதியதைப் புரிந்துகொள்ளவே அதிகம் உழைக்கிறார். ஆய்வகத்தில் இருப்பவர் கருவிகளைக் கழுவுகிறார், காத்திருக்கிறார், தோற்ற சோதனையை மறுபடி தொடங்குகிறார். இதில் எதுவும் குறையில்லை. சிலருக்கு அந்தக் காத்திருப்பே பிடித்துப்போகும். பிடிக்குமா பிடிக்காதா என்பதை வெளியிலிருந்து ஊகித்துச் சொல்ல முடியாது என்பதே என் கவலை.

இரண்டாம் ஆண்டு முடிவில் இது தெரிந்தால் விருப்பப் பாடத்தை மாற்றலாம், இறுதி ஆண்டு ஆய்வுத் திட்டத்தை வேறு பக்கம் திருப்பலாம், மேற்படிப்பை வேறு துறையில் தேடலாம். இழப்பு எட்டு வாரம். முதல் வேலையில் சேர்ந்து இரண்டாண்டு கழித்துத் தெரிந்தால், அதற்குள் கடன் தவணை வந்திருக்கும், வீட்டின் எதிர்பார்ப்பு வந்திருக்கும், ‘இவ்வளவு படித்துவிட்டு இப்போது என்ன பேச்சு’ என்ற கேள்வி வந்திருக்கும். பிடிக்காத வேலையில் திறமையாக இருந்துகொண்டே உள்ளுக்குள் காய்ந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவராவது இருபது வயதில் ஒரு கோடை விடுமுறையைச் செலவழித்து இதைக் கண்டுபிடித்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்ளும்.

இப்போது வேலைவாய்ப்புக்கு வருவோம். இன்டர்ன்ஷிப் செய்தவர்களுக்கு வேலை எளிதில் கிடைக்கிறது என்று சொல்லும் கணக்கெடுப்புகள் ஏராளம். அவற்றில் ஒரு சிக்கல் உண்டு. சுறுசுறுப்பானவர்களும் வசதியான குடும்பத்தினரும்தான் அதிகம் இன்டர்ன்ஷிப் செய்கிறார்கள் என்றால், வேலை கிடைத்தது பயிற்சியால்தானா, அவர்களுடைய சுறுசுறுப்பாலும் வசதியாலுமா? இதைப் பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கற்பனையான சுயவிவரங்களைத் தயாரித்து, இன்டர்ன்ஷிப் அனுபவம் இருக்கிறதா இல்லையா என்பதைக் குலுக்கல் முறையில் மாற்றி, உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் 2013இல் சுமார் 9,400 சுயவிவரங்களைக் கொண்டு நடந்த அத்தகைய ஆய்வில், படிக்கும்போது இன்டர்ன்ஷிப் செய்ததாகக் காட்டியவற்றுக்கு நேர்காணல் அழைப்பு 14 சதவீதம் அதிகமாக வந்தது. பெல்ஜியத்தில் இதே வகையில் நடந்து 2021இல் வெளியான ஆய்விலும் விடை ஏறக்குறைய அதுவே: 12.6 சதவீதம்.

பதினான்கு என்பது நூறு பேரில் பதினான்கு பேர் கூடுதலாக அழைக்கப்பட்டார்கள் என்ற பொருளில் இல்லை. நூறு அழைப்பு வர வேண்டிய இடத்தில் 114 வந்தது என்று பொருள். வாழ்க்கையையே புரட்டிப்போடும் எண்ணாக அதைக் காட்டுவது மிகை, ஒன்றுமில்லை என்று ஒதுக்குவதும் தவறு. எனக்கு அதைவிட ஜெர்மனியில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு முக்கியமாகத் தோன்றுகிறது. சில படிப்புகளில் இன்டர்ன்ஷிப் கட்டாயம், சிலவற்றில் கட்டாயமில்லை என்ற வேறுபாட்டை வைத்து, சுறுசுறுப்பின் விளைவை ஓரளவு விலக்கிவிட்டுப் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களின் பிற்கால ஊதியம் சுமார் 6 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்தப் பயன் அதிகம் தெரிந்தது யாரிடத்தில் என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. நேரடியாக ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கு இட்டுச் செல்லாத படிப்புகளைப் படித்தவர்களிடம்!

மருத்துவம் படித்தவருக்குத் தான் என்ன ஆகப்போகிறோம் என்பதில் ஐயமில்லை. வரலாறோ தத்துவமோ மொழியோ படித்தவருக்குத்தான் ‘இதை வைத்து என்ன செய்வாய்’ என்ற கேள்வி ஓயாமல் வருகிறது. தனக்கு வாசிக்கவும் பிரித்தறியவும் தெளிவாக எழுதவும் தெரியும் என்பதை ஓர் அலுவலகத்தில் மூன்று மாதம் செய்து காட்டிய வரலாற்று மாணவிக்கு, அந்தக் கேள்விக்குப் பதில் கையில் இருக்கிறது. ஆனால் கல்லூரிகளில் பொறியியல், மேலாண்மைத் துறைகளுக்குத்தான் இன்டர்ன்ஷிப்புக்கென்று தனி அலுவலரே இருக்கிறார். கலைத்துறை மாணவர்கள் தாங்களாகவே கதவு கதவாகத் தட்ட வேண்டியிருக்கிறது. அதிகம் தேவைப்படுபவருக்குக் குறைவாகக் கிடைக்கும் இந்த நிலை மாற வேண்டும் என்று துறைத் தலைவர்களிடம் நான் கைகூப்பிக் கேட்கத் தயார்.

இங்கே ஊதியத்தைப் பற்றிப் பேசாமல் போனால் நேர்மையாக இருக்காது. இன்டர்ன்ஷிப்பின் பெயரால் இலவச உழைப்பைச் சுரண்டுவது உலகெங்கும் நடக்கிறது. இந்த விவாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947இல் ஒரு ரயில் நிறுவனத்தின் வழக்கை விசாரித்தது. ரயிலில் பிரேக்கைக் கவனிக்கும் பிரேக்மேன் வேலைக்கு ஏழெட்டு நாள் ஊதியமில்லாப் பயிற்சி பெற்றவர்கள் ஊழியர்களா என்பது கேள்வி. இல்லை என்றது நீதிமன்றம். அவர்களால் நிறுவனத்துக்கு உடனடி லாபம் எதுவும் இல்லை, சொல்லப்போனால் வேலை தடைப்படத்தான் செய்தது என்பது காரணம். ஒரு வாரப் பயிற்சிக்குச் சொன்ன இந்த நியாயத்தின் நிழலில் பின்னாளில் மாதக்கணக்கான ஊதியமில்லா வேலைகள் வந்து ஒதுங்கிக்கொண்டன. 2011இல் திரைப்படத் தயாரிப்பில் ஊதியமின்றி வேலை செய்த இன்டர்ன்கள் வழக்குத் தொடுத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல், இந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயனடைவது மாணவரா நிறுவனமா என்பதைப் பார்க்க வேண்டும் என்றது. 2018இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறையும் அதையே அளவுகோலாக ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியில் 2015 முதல், படிப்பின் கட்டாயப் பகுதியாக இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் நீளும் பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. பிரான்சில் இரண்டு மாதத்தைத் தாண்டினால் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும்.

முதன்மையாகப் பயனடைவது யார் என்ற அந்தக் கேள்வியைச் சட்டம் எப்படிப் பயன்படுத்தினாலும், மாணவர் தன் மனத்துக்குள் கேட்டுக்கொள்ள அது நல்ல கேள்வி. நாளை நான் வராவிட்டால் அங்கே வேலை நின்றுவிடுமா? நின்றுவிடும் என்றால் நான் ஒரு ஊழியரின் இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அதற்குரிய பணம் எனக்கு வர வேண்டும். அது போக, ஊதியமில்லாப் பயிற்சி மெல்ல ஒரு வேலியாகவும் மாறுகிறது. மூன்று மாதம் வருமானமில்லாமல் இருக்கக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கதவு திறக்கிறது. விடுமுறையில் சம்பாதித்தால்தான் அடுத்த பருவக் கட்டணம் என்ற நிலையில் இருக்கும் பிள்ளை வெளியே நிற்கிறது. பயிற்சி கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கொடுங்கள். குறைந்தபட்சம் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்குமாவது கொடுங்கள். பணம் கொடுத்தால் நமக்கும் ஒரு பொறுப்பு வருகிறது. ஏதாவது உருப்படியாகச் செய்ய வைக்க வேண்டுமே என்று யோசிப்போம்.

பயிற்சிக்குச் சேர்க்கிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்கும் இடங்கள் பெருகியிருக்கின்றன. சான்றிதழை விலைக்கு விற்கும் கடைகள் அவை. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எப்போது செய்வது என்று கேட்டால், இறுதி ஆண்டின் கடைசிப் பருவம் மிகவும் பிந்தியது என்பேன். பல கல்லூரிகள் அப்போதுதான் அனுப்புகின்றன. நிர்வாகத்துக்கு அது வசதி. ஆனால் முடிந்து திரும்பும்போது பட்டமளிப்பு விழாதான் மிச்சம் இருக்கும், வகுப்பு இருக்காது. முதல் ஆண்டு முடிந்த விடுமுறையில் இரண்டு வாரம் ஒருவரின் பின்னாலேயே நடந்து வேடிக்கை பார்த்தாலும் போதும். இரண்டாம், மூன்றாம் ஆண்டு இடைவெளிகளில் நீண்டதாக ஒன்று. பெரிய நிறுவனம்தான் வேண்டும் என்பதில்லை. பத்து பேர் வேலை செய்யும் இடத்தில், முடிவு எடுப்பவரின் மேசைக்கும் உங்கள் மேசைக்கும் நடுவே சுவர் இருக்காது. அவர் வாடிக்கையாளரோடு பேசுவது உங்கள் காதில் விழும். பெயர் பெற்ற இடத்தில் இருபதாவது மாடியின் ஒரு மூலையைப் பார்த்துவிட்டு வருவதைவிட இது எவ்வளவோ மேல். சேரும் முன் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: என் வேலையைப் பார்த்துத் திருத்தப்போகிறவர் யார், சென்ற முறை வந்த மாணவர் என்ன செய்தார், அவரோடு பேச முடியுமா. இந்த மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால் அதுவே பதில்.

உள்ளே போன பிறகு ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இன்று என்ன செய்தேன் என்ற நாட்குறிப்பைக் கல்லூரியே கேட்கும், அதை எழுதிக் கொடுத்துவிடலாம். நான் சொல்வது வேறு குறிப்பேடு: இன்று எது புரியவில்லை என்பதை மட்டும் எழுதுவது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிய ஒரு சுருக்கச் சொல், ஒரு கணக்கில் ஏன் என்று தெரியாமல் பெருக்கிய ஓர் எண், மூத்தவர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்த நொடியில் ‘இது சரிவராது’ என்று சொன்னது. அவரால் காரணத்தை உடனே சொல்ல முடிந்திருக்காது. பல ஆண்டுப் பழக்கம் சொல்லுக்கு முன்னால் ஓடும். காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை நீங்கள் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போகலாம். அந்தப் பட்டியல்தான் அடுத்த பருவத்துக்கான உங்கள் சொந்தப் பாடத்திட்டம்.

தேதிக் குழப்பத்தைக் கண்டுபிடித்த அந்தப் புள்ளியியல் மாணவி, தன் கடைசி நாளில் சான்றிதழை வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றார். “நான் கொடுத்ததில் எதை நீங்கள் மறுபடி செய்ய வேண்டியிருந்தது?” என்று கேட்டார். ஒரு நிமிடம் தயங்கினேன். பிறகு கோப்பைத் திறந்து, அவர் அனுப்பிய அறிக்கையையும் நான் மேலே அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவருடையது பதினொரு பக்கம், என்னுடையது ஒன்றரைப் பக்கம். கணக்கில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. அவர் முடிவைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார், நான் அதை முதல் வரிக்குக் கொண்டுவந்திருந்தேன். இரண்டையும் மாறி மாறிப் படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து அந்தக் குறிப்பேட்டை எடுத்தார்.